ஓம், இருக்கிறன்

அந்த வீட்டுக்கு நான் முதல்முதலாகப் போனது பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு. ரொறன்ரோவின் பழைய பணக்காரத் தெரு அது. பெரிய செங்கல் வீடுகள், இலையில்லாத மேப்பிள் மரங்கள், உப்புத் தூவிய படிகள். வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. அவர் வாங்கிச் சேர்த்த எகிப்தியப் பொருட்களை வைத்து அந்த வீட்டையே சிறிய அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் தொழில் தாங்கி செய்வது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய சிலை நிற்பதைப் பார்த்தால் அது தானாக நிற்கிறது என்றுதான் நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படியில்லை. பின்னால் மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்று மூன்று இடங்களில் அதைப் பிடித்திருக்கும். கம்பியை வளைத்து, வெள்ளி வைத்து ஒட்டி, சிலையின் நிறத்திலேயே வர்ணம் பூசி, பார்ப்பவர் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். பாரத்தைச் சுமப்பது எதுவோ அது தெரியக்கூடாது. இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான்.

கதவைத் திறந்தவர் கிளடிஸ். அங்குள்ள பொருட்களுக்கெல்லாம் பதிவு எழுதிப் பாதுகாக்கிறவர். பெயரைக் கேட்டதும் தமிழில் தொடங்கிவிட்டார்.

"சச்சிதானந்தனோ? நான் இவ்வளவு நீளப் பேரெல்லாம் கூப்பிடமாட்டன். சச்சி எண்டுறன். கோவிக்காதையும்."

"எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறவை."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். உம்மட ஆக்கள் கீழ காத்துக்கொண்டிருக்கினம்."

பேஸ்மென்ட்டை நீண்ட களஞ்சிய அறையாக மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்பு அலுமாரிகள். மேலே மூன்று வரிசை விளக்குகள், ஆள் நடக்க நடக்கத் தாமாகப் பற்றுபவை. ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். கையை ஆட்டினால் திரும்பப் பற்றும். சுவரில் வெப்பநிலையைப் பதியும் சிறு பெட்டி ஒன்று. எந்நேரமும் இருபது பாகையில் இருக்கும்படி அறையை வைத்திருந்தார்கள்.

மேசையில் என் ஆட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். நாற்பது பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், நீலப் பச்சை நிறம், துணி சுற்றிய உடல், மார்பின் குறுக்கே மடித்த கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு மண்வெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

"உவையள் ஆரெண்டு தெரியுமோ?" கிளடிஸ் கேட்டார். "பதில் சொல்லுற ஆக்கள்."

அன்று அவர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு நடந்தது விளங்கும்.

எகிப்து மன்னனுக்கு இல்லாதது எதுவுமில்லை. நைல் நதி கொண்டுவந்து போடும் வண்டல் மண்ணும் அதில் விளையும் தானியமும் அவனுடையவை. தங்கம் தெய்வத்தின் தசை என்று நம்பினார்கள். சுரங்கத்தில் எடுக்கும் தங்கமும் அவனுடையதுதான். ஆனால் செத்த பிறகு போகும் உலகத்திலும் வயல் உண்டு. அங்கே வாய்க்கால் வெட்ட வேண்டும், மணல் சுமக்க வேண்டும். ஆள் தேவைப்படும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மன்னனின் பெயரையும் கூப்பிடுவார்கள்.

மன்னன் மண்வெட்டி பிடிப்பதா? மிகப் பழைய காலத்தில் அதற்காக வேலைக்காரரையே கொன்று கூடப் புதைத்தார்கள். பிறகு பொம்மைகள் வந்தன. நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். பொம்மையின் உடம்பில் மன்னனின் பெயரை எழுதி, அதன் கீழே கட்டளையைப் பொறிப்பார்கள். இன்னாரை வேலைக்கு அழைத்தால், "செய்கிறேன், இதோ இருக்கிறேன்" என்று நீ சொல். அவ்வளவுதான்.

பொம்மைக்குச் சொந்தமாகப் பெயர் கிடையாது. அந்தப் பெயருக்குப் பதில் சொல்வதற்காகவே அது செய்யப்பட்டது.

"நல்ல யோசினை என்ன?" என்று சிரித்தார் கிளடிஸ். "எனக்கும் ஒண்டு இருந்தால் திங்கட்கிழமைகளில அனுப்பலாம்."

நான் சிரிக்கவில்லை. கம்பியை அளந்துகொண்டிருந்தேன்.

பதினொரு மணியளவில் கிளடிஸ் கையில் கோப்பையோடு கீழே வந்தார்.

"என்னப்பா, தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே இருக்கிறீர்?"

"நீங்கள் கூப்பிட்டது கேக்கேல்லையே."

"சச்சி எண்டன். ஓம், இருக்கிறன் எண்டீர். எனக்கென்ன காது செவிடோ?"

கோப்பையை வைத்துவிட்டுப் போனார். கம்பியை வாளால் அறுக்கும் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். நானே அறியாமல் பதில் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

அடுத்த நாள் வாளைக் கையில் எடுக்கவில்லை. சிலையொன்றின் முதுகு வளைவைக் கடதாசியில் வரைந்துகொண்டிருந்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வரிசை விளக்குகள், அறையின் தூரக் கோடியில் உள்ளவை, முன்னரே அணைந்து இருட்டாக இருந்தன.

மேலே படிக்கட்டில் கிளடிஸின் குரல். "சச்சி!"

நான் வாயைத் திறந்தேன்.

"ஓம், இருக்கிறன்."

என் வாயிலிருந்து வந்ததல்ல அது.

தூரக் கோடியில் விளக்குப் பற்றியது.

அங்கே யாரும் இல்லை. அலுமாரிகளுக்கு நடுவே வெறும் சீமெந்துத் தரை. ஆனால் வாசனை வந்தது. ஈரமான கடதாசிப் பெட்டி, கோடாலித் தைலம், நனைந்து காயாத ஜக்கெட்.

இந்த விளக்குகளின் நுட்பத்தைச் சொல்ல வேண்டும். இவை அசைவைப் பார்ப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வெப்பநிலையில் வரும் வித்தியாசம் நகர்வதைத்தான் உணர்கின்றன. அறையைவிடச் சூடான உடம்பு நடந்தால் பற்றும். அறையைவிட மிகக் குளிரான ஒன்று நடந்தாலும் பற்றும்.

சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். இருபது பாகையில் நேராகப் போன கோடு அந்த நிமிடத்தில் கீழே விழுந்து மேலே ஏறியிருந்தது. முதல் நாள் பதினொரு மணிக்கும் அதே பள்ளம்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.

முப்பத்திரண்டு வருடமாகத் தெரியும்.

1994 ஜனவரி. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் ஐந்து பேர் இருந்தோம். எனக்கு அகதி வழக்கு முடிந்து, காட் என்று நாங்கள் சொல்லும் வேலை அனுமதி அட்டை கிடைத்திருந்தது. உறைந்த இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏஜென்சி மூலம் வேலை. மனைவி நிரோஷினியை ஸ்பொன்சர் பண்ணுவதற்கு அந்த வேலையை விடாமல் ஒரு வருடம் செய்ததாகக் கடிதம் வேண்டும். அதே நேரத்தில் கல்லூரியில் உலோக வேலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வகுப்புகள் பகலில்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. ஆனால் பெயர் நிற்கலாம்.

எங்களோடு ராசன் என்று ஒருவன் இருந்தான். வந்து சில மாதங்கள்தான். வழக்கு முடியும்வரை அவனுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அவன்தான் என் காட்டை எடுத்துக்கொண்டு போனான். காட்டில் படம் கிடையாது. விடிகாலையில் பிளாசா வாசலுக்கு ஏஜென்சி வான் வரும். ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிடுவார். பதில் வந்தால் ஒரு சரி போடுவார். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. "சச்சி" என்று கூப்பிட்டதும் ராசன், "ஓம், இருக்கிறன்" என்பான். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அதன் கச்சிதம் பிடித்திருந்தது. நான் வகுப்பில் பித்தளை வளைத்துக்கொண்டிருந்தபோது என் பெயர் குளிர் அறையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கும் உதவிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக இருமல். விடிகாலையில் கம்பளிக்குள் இருந்து சொன்னான்.

"அண்ணை, இண்டைக்கு ஏலாமல் கிடக்கு."

எனக்கு அன்று செய்முறைப் பரீட்சை.

"ஒரு நாள்தானே ராசன். பேர் கூப்பிடேக்க ஆளில்லையெண்டால் பட்டியல்ல இருந்து பேரை வெட்டிப்போடுவாங்கள். தைலத்தைப் பூசிக்கொண்டு போயிட்டு வா."

எழுந்து போனான். வாசலில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டும்போது இரண்டு தரம் இருமினான். பலமான இருமலில்லை. யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு, சின்னதாக.

குளிர் அறையில் விழுந்திருக்கிறான். மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. என் பெயரில்தான் செத்தான். இரண்டு பொலிஸ்காரர்கள் காட்டில் இருந்த விலாசத்தைத் தேடி வந்தார்கள். கதவைத் திறந்த நான்தான் சச்சிதானந்தன் என்று அறிந்து குழம்பினார்கள்.

"காட் துலைஞ்சு போச்சு," என்றேன். "ஆரோ களவெடுத்திருக்கவேணும்."

"அந்த ஆளைத் தெரியுமா? பெயர் தெரியுமா?"

"தெரியாது."

பெயர் தெரியாது என்றது பொய்யல்ல. ராசன் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அவனுடைய பதிந்த பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவேயில்லை. நம் ஆட்களிடையே அது ஒரு புதினமில்லை. குட்டி, ராசன், அப்பன் என்றே வருடக்கணக்காகப் பழகிவிட்டுப் போவோம். அந்தத் தெரியாமைக்குள் நான் ஒளிந்துகொண்டேன். மற்ற மூவரும் தங்கள் வழக்குகளை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். நகரசபை அவனை எங்கேயோ புதைத்தது.

ஊரிலிருந்து அவனுடைய அக்கா புனிதவதி எங்கள் விலாசத்துக்குக் கடிதம் எழுதினார். ராசன் எங்கே என்று. எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று பதில் எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்து வைத்தேன். சில வருடங்களில் அவரும் கனடாவுக்கு வந்து வெக்ஸ்போர்டில் குடியேறினார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தரம், தம்பி பிறந்த நாளன்று, எனக்குத் தொலைபேசி எடுப்பார். கடிதத்தில் பார்த்த பெயரை முழுவதுமாகச் சொல்லித்தான் தொடங்குவார்.

"சச்சிதானந்தன்? ராசன்ர தகவல் ஏதும் கிடைச்சுதோ?"

"இல்லை அக்கா."

இருபது வருடத்துக்கு மேலாக இதே கேள்வி. இதே பதில்.

அந்தக் குரல் களஞ்சிய அறையோடு நிற்கவில்லை.

வியாழக்கிழமை மார்க்கம் நகரில் எங்கள் வீட்டு வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நிரோஷினி குசினியிலிருந்து வந்தாள்.

"இப்பதானே கூப்பிட, கீழ இருந்து ஓமெண்டீங்கள்? எப்ப வெளியில போனனீங்கள்?"

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போனேன். காத்திருக்கும் இடத்தில் பெண்ணொருத்தி என் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், எனக்குப் பக்கத்தில் யாரோ நடப்பதைப்போலப் பார்வையை நகர்த்தி, கதவைத் திறந்து பிடித்தாள். பட்டியலில் ஒரு சரி போட்டாள். நான் கிட்டப் போய் என் பெயரைச் சொன்னேன்.

"அவரை அறைக்குள் விட்டுவிட்டேனே," என்றாள்.

அறையில் ஆளில்லை. கட்டிலில் விரித்த வெள்ளைக் கடதாசி ஓர் ஆள் படுத்து எழும்பிய அளவில் கசங்கியிருந்தது. தொட்டேன்.

ஈரம். பனிக்கட்டிபோல் குளிர்.

திங்கட்கிழமை கிளடிஸ் மேலே இருந்த நேரத்தில் களஞ்சிய அறையின் நடுவில் நின்று, "ராசன்," என்றேன். பதில் இல்லை. இன்னும் ஒரு தரம் கூப்பிட்டேன். நாற்பது பொம்மைகளும் ஒரே முகத்தோடு கிடந்தன. அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அவனைக் கூப்பிட என்னிடம் அவனுடைய பெயரே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வெக்ஸ்போர்டுக்குப் போனேன்.

புனிதவதி அக்கா ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் வந்ததைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஏதோ தகவல் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். மேசையில் பிஸ்கற் ரின் ஒன்று இருந்தது. அதற்குள் கடிதங்கள். பஃபலோ, நியூ ஜேர்சி, சிக்காகோ என்று அமெரிக்காவில் உள்ள கோயில்களுக்கெல்லாம் எழுதி, தெரியாது என்று வந்த பதில்கள்.

"இரும் தம்பி. சொல்லும்."

"அக்கா, அவர் அமெரிக்காவுக்குப் போகேல்லை."

"அப்ப எங்கை?"

"இஞ்சைதான்."

"இஞ்சை எண்டால்?"

சொன்னேன். வான், பட்டியல், காட், குளிர் அறை, பொலிஸ், கடிதம். ஒன்றையும் விடவில்லை. பொம்மைகளையும் குரலையும்கூடச் சொன்னேன். சொல்லும்போது பிஸ்கற் ரின்னின் மூடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அந்த மூடியை எடுத்து ரின்னை மூடினார்.

"காய்ச்சல் எண்டு தெரிஞ்சே அனுப்பினனி?"

"ஓம்."

"கள்ளன் எண்டே பொலிசுக்குச் சொன்னனி?"

"ஓம் அக்கா."

"அவன்ர பேரையாவது சொல்லியிருக்கலாமே. ஒரு கல்லிலயாவது எழுதியிருப்பாங்கள்."

"பேர் தெரியாது. ராசன் எண்டுதான்..."

"ஏழு மாசம் ஒரே அறையில படுத்தனியள்." அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "தவயோகராசா. என்ர தம்பியின்ர பேர் தவயோகராசா."

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"தவயோகராசா."

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும்.

"எட தவயோகராசா, அக்கா கூப்பிடுறன்."

ஒன்றும் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் இல்லை. "பேய்க்கதை சொல்லி உன்ர பாவத்தைக் கழுவப் பாக்கிறியோ? எழும்பு. எழும்பு, சச்சிதானந்தன்!"

"ஓம், இருக்கிறன்."

சப்பாத்துகள் கழற்றி வைத்த வாசலடியில் இருந்து வந்தது. பணிவான குரல். இருபத்திரண்டு வயதுக் குரல்.

ஈரக் கடதாசிப் பெட்டியின் மணம் அறைக்குள் பரவியது.

அக்காவின் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அதைவிட மோசமான ஒன்றையும் விளங்கிக்கொண்டார். சொந்த அக்கா சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது வராதவன், என் பெயருக்கு வந்திருக்கிறான்.

அதன்பிறகு செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். பொலிசுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நிரோஷினிக்கும் சொன்னேன், அவளைக் கூப்பிடத்தான் அந்த ஏற்பாடெல்லாம் என்று. இப்போது அவள் மகளோடு ஸ்ரௌவ்வில் நகரில் இருக்கிறாள். புதைத்த இடத்தைப் பழைய பதிவுகளில் கண்டுபிடித்தார்கள். போன மாதம் அங்கே கல் வைத்தோம். தவயோகராசா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வெட்டியிருக்கிறது. ஐயர் அந்தப் பெயரைச் சொல்லிக் கிரியை செய்தார். நல்ல வெயில். ஒன்றும் நடக்கவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கண்காட்சிக்கு முந்திய வாரம் கடைசிப் பொம்மையைத் தாங்கியில் ஏற்றும்போது கிளடிஸிடம் கேட்டேன்.

"உதில எழுதியிருக்கிறதில, வேலை முடிஞ்சுது, இனிப் போ எண்டு சொல்லுற வரி எங்கையிருக்கு?"

கிளடிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொழிபெயர்ப்பை மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தார். பிறகு கீழிருந்து மேலே.

"அப்பிடி ஒண்டு இல்லையே சச்சி," என்றார். "கூப்பிடுறதுக்கு மட்டுந்தான் எழுதியிருக்கிறாங்கள்."

என் பெயரைச் சொன்னதால் அறையின் தூரக் கோடியில் விளக்குப் பற்றியது. அவர் இப்போது அதைக் கவனிப்பதில்லை. விளக்கில் ஏதோ பழுது என்று நினைக்கிறார்.

புனிதவதி அக்கா இப்போது நாள்தோறும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி எடுக்கிறார். என்னோடு பேசுவதற்கல்ல. நான் அதை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, குசினி மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்பேன். என் வாய் திறக்கக்கூடாது. அது எங்களுக்குள் பேசாமலே வந்த ஒப்பந்தம்.

"சச்சிதானந்தன்," என்பார் அவர், தனக்கு மிக வெறுப்பான அந்தப் பெயரை, தன்னால் முடிந்த அளவு அன்பாக.

"ஓம், இருக்கிறன்."

"சாப்பிட்டியே, ராசன்?"

பதில் இருக்காது.

"வேலை காணும் அப்பன். வீட்டை வா."

பதில் இருக்காது. அவர் கொஞ்ச நேரம் மூச்சுவிடுவது கேட்கும். பிறகு திரும்பவும் என் பெயரைச் சொல்வார். திரும்பவும் அவன் இருக்கிறன் என்பான். மூன்று தரம், நான்கு தரம். அதற்குமேல் அவரால் முடியாது. வைத்துவிடுவார்.

நேற்றும் எடுத்தார். பெயரைச் சொன்னார். பதில் வந்தது. அவர் வைக்கப் போன நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால், வாசலடியில், இன்னொரு சத்தம் கேட்டது.

இரண்டு தரம். வாயைப் பொத்திக்கொண்டு, சின்னதாக.

அந்த இருமல் இன்னும் மாறவில்லை.